ஒரு முறம் தவிடு

எழுபத்தாறாம் வருஷம், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் திருத்தணியில் நின்றதும் அம்சா குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு இறங்கினாள். தறியை விட்டு வர மனமில்லாத புருஷன் தேசப்பன் முணுமுணுத்தபடி பின்னால் வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் குழந்தையின் வயிற்றுத் தையல் தழும்பைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அவன் சீட்டு வாங்க நின்றான். அம்சா மட்டும் பிள்ளைகள் வார்டுக்குப் போனாள். ஒரே டெட்டால் வாடை. ஜன்னலோர ஸ்டூலில் ஆயா ரத்தினம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

அம்சாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. குடல் அடைபட்டுப் பிறந்த பிள்ளை இவன். ஆபரேஷனான பச்சைக் குழந்தைகளின் உள்ளங்காலைத் தொட்டே தங்குமா தங்காதா என்று சொல்லிவிடுவாள் ரத்தினம்மாள். ஒருதரம்கூடத் தப்பியதில்லை. அன்று இவன் காலைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். அம்சா அழுத அழுகை அவளுக்குத் தாங்கவில்லை.

"எனக்குத் தவுட்டுக்கு வித்துடும்மா. எமன் உம் புள்ளையத் தேடி ஏமாந்து போவட்டும்."

ஒரு முறம் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தாள் அம்சா. பிள்ளை பிழைத்தான். வீடு திரும்பும்போது தவிட்டைத் திருப்பிக் கொடுத்து அவனை மீட்க வேண்டும். தவிட்டோடு தனியாகப் போய்வந்த தேசப்பன், மீட்டுவிட்டதாகச் சொன்னான். வெற்றிலை பாக்குகூட வைத்தானாம்.

"அக்கா, பாரு, நல்லா கீறான்!"

ரத்தினம்மாள் உள்ளங்காலைத் தொட்டாள்.

"இன்னும் எம் புள்ளதாம்மா."

"தவுட்டத்தான் குடுத்தாச்சே?"

"யாரு குடுத்தா?"

ரத்தினம்மாளின் உதடு அசையவில்லை; குரல் மட்டும் வந்தது.

"யாருகிட்ட பேசிகினு கீற?" வாசலில் தேசப்பன்.

"ரத்தினம்மாக்காகிட்ட."

அவன் முகம் செத்துப்போயிற்று. "அவ நாம கெளம்புன அன்னிக்கே பூட்டாளே. வராண்டாவுல கெடத்தியிருந்தாங்க. பொணத்துகிட்ட தவுட்ட எப்டிக் குடுக்கறது? பஸ் ஸ்டாண்டு மாட்டுக்குப் போட்டுட்டேன்."

ஸ்டூல் காலியாக இருந்தது.

அம்சாவுக்குப் பேயை நினைத்து வந்த நடுக்கத்தைவிட அவனை நினைத்து வந்த நடுக்கம்தான் பெரிது. தன் பிள்ளைக்கு வந்த சாவை வாங்கிக்கொண்டு ஒருத்தி போயிருக்கிறாள். கூசாமல் மறைத்துவிட்டு, வெற்றிலை பாக்கு என்று வேறு கதை கட்டியிருக்கிறான்.

"படுபாவி! புள்ள விசயத்துல கூடவா பொய்யி?"

கடைத்தெருவுக்கு ஓடி முறம் நிறையத் தவிடு வாங்கிவந்தாள். ஸ்டூலில் கொட்டி, "எம் புள்ளைய எனக்கே குடுத்துடுக்கா" என்று விழுந்து கும்பிட்டாள்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து, குழந்தையைக் கிடத்தத் தூளியை விரித்தாள்.

உள்ளே தவிடு. ஒரு முறம், குறையாமல்.

இடுப்பிலிருந்த குழந்தை அவள் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரித்து, இரண்டு கைகளையும் நீட்டினான்.