நான்கு ஸ்க்ரூக்களின் வழக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை, டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் காமாக்ஷி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது முத்துமாரி வந்து நின்றாள். அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். கூடவே அவள் கணவன் தர்மன்.

"நாளைக்குள்ள இவர் தப்பை ஒத்துக்கலேன்னா இவர் வேலையும் போகும், போலீஸ்லயும் குடுப்பாங்களாம்மா," என்றாள்.

காமாக்ஷி கையைத் துடைத்துக்கொண்டு கணவரைக் கூப்பிட்டாள். சந்திரமௌலி தடய ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கு என்றால் அவரைவிட அவளுக்குத்தான் பரபரப்பு. அமைச்சகத்தில் பிறர் சொல்வதையே எழுதிக்கொண்டிருப்பவளுக்கு, தானாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று தீராத ஆசை.

தர்மன் பன்னிரண்டு வருடமாக ஒரு துப்பாக்கி கிளப்பில் வேலை பார்க்கிறார். ரைஃபிள் மேல் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பொருத்தி, முந்நூறு மீட்டர் இலக்குக்குச் சரிசெய்து தருவது அவர் பொறுப்பு. நேற்று அணித் தேர்வு. கிளப் செயலாளர் வைத்தியின் மகன் அக்ஷய் நாற்பது குண்டு சுட்டுக் கடைசி இடத்துக்குப் போனான். போட்டி முடிந்த பிறகு நடந்த சோதனையில், ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் நான்கு ஸ்க்ரூக்களும் தளர்ந்திருந்தன. வேண்டுமென்றே தர்மன் செய்த வேலை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"எப்படி இறுக்குவீங்க?" என்று கேட்டார் சந்திரமௌலி.

"நாலையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குவேன் சார். அப்புறம் இவளோட நெயில் பாலிஷால ஸ்க்ரூ தலையிலேர்ந்து வளையத்துக்கு ஒரு கோடு. வளையத்திலேர்ந்து ஸ்கோப் குழாய்க்கு இன்னொரு கோடு. எது நகர்ந்தாலும் கோடு பிரிஞ்சு காட்டிக் குடுத்துடும்."

"ஸ்க்ரூ சாவி?"

தர்மன் மனைவியைப் பார்த்தார். "போட்டி முடிஞ்சதும் அக்ஷய் தம்பி கேட்டாரு. குடுத்துட்டு டார்கெட் காகிதம் எடுக்கப் போயிட்டேன்."

"அப்போ அவன்தான். முடிஞ்சுது," என்றாள் காமாக்ஷி.

"ஏற்கெனவே லூஸா இருந்துது, செக் பண்ணத்தான் வாங்கினேம்பான். சுடறதுக்கு முன்னாடி தளர்ந்ததா, பின்னாடியாங்கறதுதான் கேள்வி, காமு."

மத்தியானம் கிளப்பில் வைத்தி அவர்களை மரியாதையாகத்தான் வரவேற்றார். மத்திய அரசில் இணைச் செயலாளர் பதவியில் இருப்பவர். குரலை உயர்த்தாமலே ஆளை நிற்க வைக்கத் தெரிந்தவர். தேநீர் இரண்டு கோப்பை வந்தது. தர்மன் சுவரோரம் நின்றார்.

"ரைஃபிள் பெட்டி நேத்திலேர்ந்து என் அலமாரியில் இருக்கு. யாரும் தொடலை," என்று சொல்லி வைத்தி ரைஃபிளை மேஜையில் வைத்தார்.

சந்திரமௌலி லென்ஸால் பார்த்துவிட்டு காமாக்ஷியிடம் கொடுத்தார். நான்கு ஸ்க்ரூ தலைகளிலும் சிவப்புக் கோடு பிரிந்திருந்தது. வளையத்துக்கும் குழாய்க்கும் இடையிலிருந்த கோடு மட்டும் போட்டது போட்டபடி இருந்தது.

"ரைஃபிள் ரொம்ப உதைக்குமோ?" என்று அப்பா பக்கத்தில் நின்ற அக்ஷயைக் கேட்டார் சந்திரமௌலி.

"ரொம்ப, அங்கிள். தோள் இன்னும் வலிக்கறது."

"நாற்பது தடவை உதைச்சிருக்கு. பஸ் சட்டுன்னு கிளம்பினா கம்பியைப் பிடிக்காதவன் என்ன ஆவான்? பின்னால் சாய்வான். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது, இறுக்கம் இல்லாத ஸ்கோப் வளையத்துக்குள்ள முன்னால் வழுக்கும். இப்போ பாருங்கோ." ஒரு விரலால் குழாயை மெல்லத் தள்ளினார். அது நழுவியது, கோடு இரண்டாகப் பிரிந்தது. "என் விரலுக்கே நகர்றது, நாற்பது குண்டுக்கு நகர்ந்திருக்காதா? சுடும்போது ஸ்க்ரூ எல்லாம் இறுக்கமாத்தான் இருந்தது. தளர்த்தினது கடைசிக் குண்டுக்கு அப்புறம். அப்போ தர்மன் டார்கெட் பக்கம், முந்நூறு மீட்டர் தள்ளி. ரைஃபிளும் சாவியும் ஒருத்தர் கையிலதான் இருந்தது."

அக்ஷய் தலையைத் தூக்கவில்லை. "குறி தப்பித்துப்பா. நீங்க கேட்பேளேன்னு பயந்துதான் தளர்த்தினேன்," என்றான்.

வைத்தி மகனை நெடுநேரம் பார்த்தார். காமாக்ஷிக்கு ஒரு நிமிடம் அவர்மேல் இரக்கம்கூட வந்தது. அதுதான் அவள் செய்த தப்பு.

"அச்சா," என்றார் வைத்தி. "நாசவேலைங்கற குற்றச்சாட்டை எடுத்துடறேன். போலீஸ் கிடையாது. ஆனா போட்டி முடிஞ்சு, சோதனைக்கு முன்னாடி, சாவியை வேறொருத்தர் கையில் குடுத்தது விதிமீறல். கவனக்குறைவு. தர்மன், நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"செயலாளர் பையன் கேட்டா குடுக்காம இருக்க முடியுமா சார்?" என்றார் தர்மன்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார் வைத்தி.

நெஞ்சு கொதித்தது காமாக்ஷிக்கு. இப்படிப்பட்ட உத்தரவுகளை அலுவலகத்தில் எத்தனை முறை தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். காரணம் மாறும், தண்டனை மாறாது. சந்திரமௌலி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வைத்தி மேஜையிலிருந்த ஃபைலை மூடிவிட்டார்.

வெளியே வேப்ப மரத்தடியில் முத்துமாரி எழுந்து நின்றாள்.

"இவர் மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்களாம்மா?"

"நிரூபிச்சாச்சு. அவாளும் ஒத்துண்டாச்சு," என்றாள் காமாக்ஷி. தான் இத்தனை நாள் சொல்ல ஆசைப்பட்ட வார்த்தை, வாயில் கசந்தது.

முத்துமாரி முகம் மலர்ந்து புருஷனைப் பார்த்தாள். "அப்போ காலைல டூட்டிக்கு சாப்பாட்டு டப்பா கட்டணும்ல?"

தர்மன் கிளப் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அவள் காமாக்ஷியைப் பார்த்தாள், பிறகு சந்திரமௌலியைப் பார்த்தாள்.