கஞ்சி போட்ட சட்டை

நேற்று ஒத்திகை முடிந்ததும் கழற்றிக் கசக்கி ஆணியில் எறிந்துவிட்டுப் போன சீனச் சட்டை, இன்று துவைத்து, கஞ்சி போட்டு, கை மடிப்புக்கூடக் கலையாமல் தேய்த்துத் தொங்கவிடப்பட்டிருந்தது. வேணுஜா அதைக் கையில் எடுத்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.

றெஜினோல்ட் அண்ணையின் வேலையாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்திலேயே தன் புத்தியை நொந்துகொண்டாள். விளக்குகளையும் புகை மெஷினையும் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதர் முதலாளியின் காரை நாக்கால் வேண்டுமானாலும் துடைப்பார். மற்றவர் குடித்த கோப்பையைக் கழுவமாட்டார். ஆனாலும் கேட்டாள்.

"எனக்கென்ன விசரே, பிள்ளை?" என்றார் அவர், வயரைச் சுற்றிக்கொண்டே. "உம்மட சட்டையை நான் ஏன் தோய்க்கப் போறன்? மனிசி கேள்விப்பட்டா என்னைத் தோய்ச்சுக் காயப்போடுவா."

ஜெர்மனியில் உலகக்கிண்ண உதைபந்துக் கூத்து முடிந்து வந்த மாரிகாலம் அது. ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு. ஒரு காலத்தில் கப்பல்களில் கரி அள்ளிப்போட்ட சீனர்கள் அங்கேதான் இறங்கினார்கள், தங்கினார்கள், சாப்பாட்டுக் கடை வைத்தார்கள், ஊராரின் உடுப்பை வெளுத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு நாள் பொலிஸ் லொறிகளில் வந்து, கண்ணில்பட்ட சீனர்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. தெரு இருக்கிறது. சீனர் இல்லை. அந்தத் தெருவின் ஒரு நிலவறையைத்தான் முதலாளி குரோட்டர் வாடகைக்கு எடுத்திருந்தான். நகரத்தின் பழங்கதையை உல்லாசப் பயணிகளுக்குக் காட்டி விற்பது அவன் தொழில்.

வேணுஜா வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவள். அவள் பரம்பரையிலேயே பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. அந்தக் காலை வைத்துக்கொண்டு மாதக்கணக்காக இவனிடம் சம்பளமில்லாப் பயிற்சிக்கு நின்றாள். ஆவணக் காப்பகங்களில் தூசி தின்று அவள் எழுதிக் கொடுத்ததையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "இதில் அபின் எங்கே?"

அபின் இல்லை என்றாள். இருக்கட்டும் என்று அவனே சிவப்புக் கூண்டு விளக்குகளை மாட்டினான், அபின் கிடங்குபோல மரத்தட்டுக் கட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான், பிளாஸ்ரிக் யாளி ஒன்றையும் கொண்டுவந்து நிறுத்தினான். சீனப் பெண் ஒருத்தி வேண்டுமே என்று யோசித்தவன் கண் இவளில் வந்து நின்றது. "நீயும் ஆசியாதானே" என்றான். யாழ்ப்பாணத்துக் கறுப்பு அவன் கண்ணுக்குச் சீனமாகத் தெரிந்தது. சம்பளம் இல்லாத சீனம்.

இன்று முதல் காட்சி. கதிரையில் அசையாமல் இருக்க வேண்டும். கூட்டம் மேலே ஏறிப் போகும்வரை எழும்பக் கூடாது. எழும்பாவிட்டால் திங்கட்கிழமை நிரந்தர வேலைக்குக் கையெழுத்து. எழும்பினால் அதுவும் இல்லை. அம்மா புஸ்பவதி வீங்கிய முழங்காலோடு ஹோட்டலில் கட்டில் விரித்துக்கொண்டிருக்கிறாள். கையெழுத்து விழுந்த அன்றே அம்மாவை வேலையிலிருந்து நிறுத்துவதாக வேணுஜா வாக்குக் கொடுத்திருந்தாள்.

சட்டையைப் போட்டாள். உயர்ந்த கழுத்துப்பட்டி தொண்டையில் அட்டைபோல் ஒட்டியது. அந்த மணம் அவளுக்குத் தெரியும். கடையில் விற்கிற ஸ்பிரே மணம் அல்ல. சோறு வடித்த கஞ்சி, லேசான புளிப்போடு. தேர்த் திருவிழாவுக்கு மாமாவின் வேட்டிக்கு அம்மா போடுவது. சீனரும் சோறு தின்கிற சனம்தானே, மிச்சக் கஞ்சியில் ஆவி வந்து உடுப்பு வெளுத்ததாக்கும் என்று தனக்குத்தானே நக்கலடித்தாள். பட்டம் வாங்கியவளுக்கு வருகிற யோசனையைப் பார்.

"பயமெண்டால் கூப்பிடும்" என்றார் றெஜினோல்ட் அண்ணை, படியேறிக்கொண்டே. "உமக்கென்ன பயம்? உம்மட வாய்க்கு அதுகள்தான் ஓடும்."

கதவு சாத்திக்கொண்டது.

புகை தரையோடு பரவி, கட்டில் கால்களைச் சுற்றி, அவள் கணுக்காலில் ஈரத் துணிபோலப் படிந்தது. மேலே மதுக்கடையின் பாட்டு பலகைக்குள்ளால் மந்தமாக இடித்தது. சுவர்க் குழாயில் யாரோ வீட்டுக் குளியல் தண்ணீர் இறங்கி ஓடி அடங்கியது. அது அடங்கிய பிறகும் தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், கட்டில்களுக்கு இடையே, ஒரு துணியைத் தண்ணீரில் அமிழ்த்தி, தூக்கி, நிதானமாக முறுக்கிப் பிழிகிற சத்தம். திரும்பிப் பார்த்தாள். வெறும் கட்டில்கள். வைக்கோல் திணித்த மெத்தைகள்.

முன்னால் திரும்பினாள்.

இரும்பை இரும்பில் வைக்கிற சத்தம். கரி நெடி. ஈரத்துணியில் சூடு படுகிற சீறல். பிறகு, அவளுடைய பிடரியில், கழுத்துப்பட்டியின் சுருக்கத்தை ஒரு விரல் நீவிவிட்டது.

பாதி எழும்பிவிட்டாள். அதே வேளை மேலே குரோட்டரின் சிரிப்புக் கேட்டது. அம்மாவின் முழங்கால் நினைவுக்கு வந்தது. இருந்தாள்.

கூட்டம் இறங்கி வந்தது. நனைந்த மழைக்கோட்டுகள், பியர் நாற்றம், கழுத்தில் கமரா. அந்த அசட்டு முகங்களைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது; நிம்மதியாக வெறுத்தாள். குரோட்டர் கையை ஆட்டி ஆட்டி அவிழ்த்துவிட்டான்: விற்கப்பட்ட பெண்கள், அபின் மயக்கம், துறைமுகம்வரை போகும் இரகசியச் சுரங்கம். அத்தனையும் புழுகு. சீனரைப் பிடித்துக்கொண்டு போன நாளைப்பற்றி ஒரு சொல் இல்லை. அது விற்காது.

மஞ்சள் மழைக்கோட்டுக்காரி ஒருத்தி படமெடுத்தாள். ஒளி வெட்டியது. அவள் பார்வை வேணுஜாவின் தலைக்கு மேலால் போனது. இடமிருந்து வலம், கட்டில்களின் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு. "என்ன அசையாமல் இருக்கிறார்கள்" என்று வியந்தாள். "இத்தனை பேரை எங்கே பிடித்தீர்கள்?"

குரோட்டரும் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றது. பிறகு அவனுக்குள்ளிருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். "விருந்தாளிகளுக்கு நாங்கள் குறை வைப்பதில்லை" என்றான்.

கை தட்டினார்கள்.

அவன்தான் முதலில் படியேறினான். வேணுஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசி ஆள் வெளியேறியதும் கதவு அறைந்தது. பூட்டு தானாக விழுந்தது.

கூட்டம் போய்விட்டது. எழும்பலாம். ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "றெஜினோல்ட் அண்ணை, கதவைத் திறவுங்கோ."

கதவுக்கு அப்பால் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "திறப்பை முதலாளி கொண்டுபோட்டார், பிள்ளை." சாவித் துவாரத்தில் கண் வைத்திருந்தார்போலும், குரல் கீழிருந்து வந்தது. "உமக்குப் பின்னால நிக்கிறவை ஆர்?"

பிறகு அவர் ஓடுகிற சத்தம். இரண்டிரண்டு படியாக.

பாட்டு நின்றிருந்தது. தெருவில் லொறி ஒன்று வந்து நின்றது. பின்பலகை விழுந்தது. சப்பாத்துகள். லாடம் அடித்த சப்பாத்துகள். பல.

பின்னால் கட்டில்கள் ஒவ்வொன்றாக முனகின. இறங்கினார்கள். அவளை உரசாமல் கடந்தார்கள். கஞ்சி மணம். வெறுங்கால்கள். அவசரம் இல்லை. அழுகை இல்லை. பழகிப்போனவர்கள்.

சப்பாத்துகள் படியில்.

கதவைப் பார்த்தபடி சுவரோடு வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு துணிமூட்டை. நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றவரிடம் மட்டும் இரண்டு மூட்டைகள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஒன்றை, அந்த வெற்றிடத்தை நோக்கி, நீட்டிப் பிடித்திருந்தார்.

பூட்டில் திறப்பு நுழைந்தது.

அவர் கை அப்படியே நீண்டிருந்தது.