பென் டிரைவில் கிளம்பிய கணினி

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் அது சுற்றும் ஓசை கணினிப் பெட்டிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மின்விசிறியாக இருக்கும் என்று தம்பி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பத்து வருஷமாகக் கணினி பழுதுபார்ப்பவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா என்ன?

அண்ணன் இறந்து ஒரு மாதம். பெட்டி நன்றாக இருந்தால் மகள் படிக்க ஆகும், பார்த்துக் கொடு என்று அண்ணி கேட்டிருந்தாள். டிஸ்க் செத்துவிட்டது. மற்றதைச் சோதிக்க, காலையில்தான் கடையில் தயார் செய்த பென் டிரைவைச் செருகி அதிலிருந்தே கணினியைக் கிளப்பினான். அப்படிக் கிளம்பும் கணினி எதையும் சேமித்து வைக்காது. அணைத்ததும் எல்லாம் மறந்துபோகும்.

மழை பிடித்த மத்தியானம். அடைத்துக் கிடந்த அறையில் தலையணையின் எண்ணெய் வாசமும் அண்ணன் தடவும் வலி மருந்தின் நெடியும் தேங்கி நிற்க, அடுக்களையில் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் வந்து வந்து மறைய, திரையின் நீலம் மெல்லச் சுவரில் ஏறியது. திரையில் ஒரே ஒரு கோப்பு. அவன் வைத்ததல்ல. திறந்தான்.

'தம்பி'

அணைத்தான். மறுபடி கிளப்பினான். அதே கோப்பு. இப்போது இரண்டு வரி.

'தம்பி
நாலு தடவை கூப்பிட்டேன்'

நெஞ்சுவலியில் அண்ணன் இதே அறையில் தனியாக விழுந்துகிடந்த அன்று, வழக்கமான புலம்பல்தானே என்று நாலு அழைப்பையும் அவன் எடுக்கவில்லை. உடல் வீட்டில் கிடந்தபோதே அண்ணனின் கைப்பேசியை எடுத்து, யாரும் பார்க்குமுன் அந்த நாலையும் அழித்துவிட்டான்.

"அண்ணி, இந்த ரூமுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"யாரு வரப்போறா தம்பி? எனக்கே இன்னும் உள்ள வர மனசு வரல."

பென் டிரைவைப் பிடுங்கினான். திரை அணையவில்லை. சுவரிலிருந்த இரண்டு ஒயர்களையும் பிடுங்கினான். அணையவில்லை.

விசைப்பலகையில் ஓர் எழுத்து தானாக அமுங்கியது. எழுந்தது. பிறகு இன்னொன்று. அவசரமே இல்லாமல்.

'ஏன்'

'ஏன் எடு'

இரு கைகளையும் விரித்துப் பலகைமேல் அழுத்தினான். முழு பலத்தோடு. முடிக்க விடக்கூடாது.

எழுத்துகள் நின்றன. மழையும் நின்றது.

பிறகு, அவன் விரல்களின்மேல் விரல்கள். குளிர்ந்தவை. ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. அவனுடைய ஆள்காட்டி விரலை மெதுவாகத் தூக்கி, அடுத்த எழுத்தைத் தேடி, கீழே அழுத்தின.