வேற்றுக் குழல்

கார்மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில் அந்த வீட்டை அடைந்தேன். பழைய துப்பாக்கிகளை அடையாளம் கண்டு விலை சொல்வது என் தொழில். இறந்துபோன வீட்டுக்காரரின் தம்பி வாசலிலேயே காத்திருந்தார். அண்ணன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டதாகச் சொல்லப்பட்ட ரிவால்வரை விற்றுவிடவே என்னை அழைத்திருந்தார்.

அண்ணனின் மனைவி மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தார்.

"சார் பாத்து விலை சொல்லிடுவார் அண்ணி. நீங்க போய்ப் படுங்களேன்."

"ஒரு வருஷமா ஊரே என் காதுபடப் பேசுது, வாயாலயே புருஷனைக் கொன்னவள்னு. அதையே கேட்டாச்சு. விலையையும் கேட்டுட்டுப் போறேன் தம்பி."

மேசைமேல் ஒரு பேழை. உள்ளே கருஞ்சிவப்பு வெல்வெட்டில் அருகருகே இரண்டு பள்ளங்கள். ஒவ்வொன்றின் கீழும் எண் பொறித்த பித்தளைத் தகடு. தந்தை தம் மக்கள் இருவருக்கும் வாங்கிய இணை அது. அண்ணனுடைய எண் ஆறில் முடிந்தது, தம்பியுடையது ஏழில். ஏழின் பள்ளம் வெறுமையாய்க் கிடந்தது.

"என்னோடது படகுல போனப்ப ஆத்துல விழுந்துடுச்சு. அண்ணன் போறதுக்கு முன்னாடியே," என்றார் தம்பி, நான் கேளாமலே.

ரிவால்வரைக் கையில் எடுத்தேன். உருளையில் குண்டில்லை. துப்பாக்கி உடலின் நீலப் பூச்சு மூப்பினால் வெளுத்திருக்க, குழலின் நீலம் மட்டும் ஆழ்கடல்போல் கறுத்திருந்தது. முனையில் குறிபார்க்க நிற்கும் குறிமுள் மயிரிழையளவு சாய்ந்திருந்தது.

குழல் வெதுவெதுப்பாக இருந்தது.

என் விரல்களின் சூடுதான் என்று எண்ணிக்கொண்டேன். அப்போது, சற்றுமுன் வெடித்த மருந்தின் கரிந்த வாடை எழுந்தது.

குழலின் உட்புறம் காண எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உருளையைக் கழற்றிப் பின்வாயில் கட்டைவிரல் நகத்தை வைப்போம். நகம் சன்னலின் ஒளியை வாங்கி உள்ளே அனுப்பும். முன்வாயில் கண்ணை வைத்தால் உட்சுவரின் வரிகள் சுடர்விடும்.

நகத்தை வைத்தேன். கண்ணை வைத்தேன்.

ஒளியில்லை.

மறுமுனையிலிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது.

அது இமைத்தது.

இறைவன் திருப்பெயர் நாவில் எழுமுன்பே என் கைகள் குழலைத் திருகத் தொடங்கியிருந்தன. நான் அவற்றை ஏவவில்லை. கருவியின்றி அசையாத குழல், புட்டியின் மூடிபோல் சுழன்று வந்தது. கழற்றினால் மட்டுமே கண்ணில் படும் அதன் அடியில் ஓர் எண்.

"அம்மா, உடம்பு ஆறு. குழல் ஏழு."

உடலை மேசைமேல் வைத்துக் குழலை நீட்டினேன்; அவர் குனிந்து எண்ணைப் படித்தார்.

"போறதுக்கு முந்தின நாள் இதைக் கழட்டித் துடைச்சார். நான்தான் துணி பிடிச்சேன். 'பாரு, உடம்பு குழல் ரெண்டுலயும் ஒரே நம்பர், நம்மள மாதிரி'ன்னு கேலி பண்ணார்." பின்பு மெல்லத் திரும்பினார். "தம்பி, ஆத்துல போனதோட குழல் இதுல எப்படி வந்துச்சு?"

"யாரோ ஒரு ஆளு உளர்றான், நீங்களும்..." என்றபடி தம்பி பேழையை அறைந்து மூடினார்.

உள்ளேயிருந்து ஏதோ தட்டியது.

மிக மெதுவாக.

"திறங்க தம்பி."

"வேணாம் அண்ணி."

அவரே திறந்தார்.

ஏழின் பள்ளத்தில் நீர் தளும்பியது. அதனுள் ஆற்று மணல் அப்பிய ஒரு ரிவால்வர். அதன் குழல் தானே கழன்று அருகில் கிடந்தது. அடியில் ஆறில் முடியும் எண்.

தம்பி சுவரோடு சரிந்தார்.

"அண்ணன் தன்னோடதைப் பூட்டி வச்சிருந்தான். என்னோடதாலதான் சுட்டேன். அவன் சாவியை எடுத்து, போலீஸ் சோதனையில குண்டு ஒத்துப்போகணும்னு குழலை மட்டும் மாத்தி அவன் கையில வச்சேன். மீதியை ஆத்துல போட்டேன் அண்ணி... என் கையாலயே போட்டேன்..."

அந்த அம்மையார் அவரைப் பார்க்கவேயில்லை. நீரிலிருந்து கணவரின் குழலை எடுத்தார். ஒரு வெள்ளைத் துணியில் அதனை ஏந்தி, என் பக்கத்தில் ஆளில்லாத இடத்தை நோக்கி, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"துணி பிடிக்கட்டுமாங்க?"

ஒருவரும் தொடாத குழல், துணியிலிருந்து எழுந்து, மேசைமேல் கிடந்த தன் உடலில் மெல்லத் திருகி ஏறியது.

குறிமுள் நேராக நின்றது, தம்பியை நோக்கி.