பூங்காவனம் ஏன் வரிசையில் இருக்க வேண்டும்?

சிவகாமிக்கு வந்த கோபத்தில் பென்சில் முனை மூன்று முறை உடைந்தது.

பின்னே, கோபம் வராதா? சுதந்திர ஊர்வலத்துக்கு இன்னும் பத்தே நாள். மலாக்காவின் காஜா பேராங் பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் கோலாட்டம் ஆடிக்கொண்டு போவதாக ஏற்பாடு. சிவகாமியின் ஜோடி பூங்காவனம், ஓர் அடிகூடத் தப்பாமல் ஆடுபவள். அவள் பெயரைத்தான் ஊர்வலக் குழுவின் செயலாளர் கணேசமூர்த்தி சிவப்பு மையால் அடித்துவிட்டார். அவர் ஓர் அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். அதனால் ஊருக்கே அவர் கிராணி ஐயா.

"அந்தப் பிள்ளைக்குத் தமிழே தெரியாது. தமிழர் வரிசையில அவளுக்கு என்ன வேலை?" என்றார்.

பூங்காவனம் மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். அவளுடைய முன்னோர் தமிழ் மண்ணிலிருந்து கப்பலேறி இங்கே வந்து பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். பெயரையாவது பார்க்க வேண்டாமா? பூங்காவனம்! இதைவிடத் தமிழாக ஒரு பெயர் எங்கே கிடைக்கும்?

"இது அநியாயம் ஐயா!" என்று சிவகாமி அங்கேயே கத்திவிட்டாள்.

கிராணி ஐயா சிரித்தார். "நியாயம் உன் பக்கம் இருந்தா எழுதிக் கொண்டு வா லா. சனிக்கிழமை கூட்டத்துல நீயே படி. நாங்க ஒத்துக்கிட்டா அவ ஆடட்டும்."

பூங்காவனத்தின் வீட்டு மாமரத்தடியில் உட்கார்ந்து சிவகாமி எழுதினாள். 'கிராணி ஐயாவுக்கு மண்டையில் மூளையே இல்லை' என்று தொடங்கி, அவருடைய மீசை வரைக்கும் வந்துவிட்டாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

பூங்காவனம் பொறுமையாகக் கேட்டாள். தோழிகள் இருவரும் எப்போதும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

"ஒரு சொல்லும் புரியல. ஆனா, இது கட்டுரையா, சண்டையா?" என்றாள்.

"கட்டுரைதான்!"

"கேட்டா சண்டை மாதிரியே இருக்கு. உன் பேரையும் அடிச்சிடுவாரு."

சிவகாமி தாளைக் கிழித்தாள். மீசையைப் பற்றிய வரி நன்றாக வந்திருந்தது. அதைக் கிழிக்கத்தான் மனமே வரவில்லை.

புதுத் தாளில், கிராணி ஐயா என்ன சொல்வார் என்று முதலில் எழுதிப் பார்த்தாள். 'மொழிதான் நமக்கு உயிர். அது தெரியாதவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டே போனால், நாளை அதை யார் பேசுவார்கள்?'

எழுதி முடித்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரியாகத்தானே இருக்கிறது! போயும் போயும் அவருக்கா இவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தோம் என்று எரிச்சலாக வந்தது.

அதன் கீழே ஒரு கேள்வி எழுதினாள்: 'தமிழ் பேசினால்தான் தமிழரா?'

மளிகைக்கடை ஆ செங் சீனர். தமிழில் அவர் பேரம் பேசினால் யாராலும் ஜெயிக்க முடியாது. அதற்காக அவர் தமிழராகிவிடுவாரா? மாட்டார். அப்படியானால், பேச்சு மட்டும் போதாது. சரி, தமிழ் பேசத் தெரியாத தமிழர் யாராவது உண்டா? இரண்டு நாள் யோசித்தும் ஒருவரும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கூட்ட மண்டபத்துக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலை முறைத்துப் பார்த்தாள். முதல் வரியில் இப்படி இருந்தது: 'அலங்கார லாரியில் தமிழ்க் குழந்தை: கிராணி ஐயாவின் பேரன், வயது பத்து மாதம்.'

சிவகாமி வீட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பூங்காவனம் வாசலிலேயே நின்றுகொண்டாள். சிவகாமி முதலில் கிராணி ஐயாவின் பக்கத்தைப் படித்தாள்.

"அப்படிச் சொல்லு!" என்று அவர் மடியிலிருந்த பேரனைத் தட்டிக் கொடுத்தார்.

ஆ செங் கதை வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வரியை அவள் நிறுத்திப் படித்தாள். "லாரியில் வரும் தமிழ்க் குழந்தைக்கு எத்தனை தமிழ்ச் சொற்கள் தெரியும்?"

பேரன், "ப்பூ..." என்று எச்சில் குமிழி விட்டான். மண்டபமே குலுங்கியது.

கிராணி ஐயாவின் முகம் சிவந்துவிட்டது. "அவன் குழந்தை! கூடவே வச்சிருந்து, பேசிப் பேசிக் கத்துக் கொடுப்போம்!"

சிவகாமி தாளை மடித்தாள். மீதியை அவரே சொல்லிவிட்டார். இனிப் படிக்க அவசியமில்லை.

"அப்போ பூங்காவனத்தை மட்டும் ஏன் ஐயா துரத்துறீங்க? அவளையும் கூட வச்சுக்கலாம்ல?"

கிராணி ஐயா வாசலில் நின்ற பூங்காவனத்தைப் பார்த்தார். குழுத் தலைவர் ராஜரத்தினம் அவர் பக்கம் திரும்பினார்.

"கிராணியாரே, பேனாவை எடுங்க. அந்தப் பிள்ளை பேரை எழுதுங்க."

ஊர்வல நாளில் தெருவெல்லாம் கொடி. வழி நெடுக மக்கள் "மெர்டேக்கா!" என்று முழங்கினார்கள். சுதந்திரம் என்பதற்கு மலாய்ச் சொல் அதுதான். கிராணி ஐயா வரிசைக்குப் பக்கத்திலேயே வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"சத்தம் போதாது! எல்லாரும் சொல்லுங்க! மெர்டேக்கா! மெர்டேக்கா!"

பூங்காவனம் கோலைத் தட்டிக்கொண்டே சிவகாமியின் பக்கம் சாய்ந்தாள். "கிராணி ஐயா இப்போ எங்க பாஷை பேசுறாரே. பாவம், அவரையும் எங்க ஆளா சேர்த்துக்கலாமா?"

சிவகாமிக்கு வந்த சிரிப்பில் அன்று அடி தப்பியது அவள் ஒருத்திக்குத்தான்.