வலிக்காத இடம்

காலை பத்தரை மணிக்கு மாமியார் சாப்பாட்டு மேசையிலேயே சரிந்தார். பதினொன்றேகாலுக்கு ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தார். பதினொன்றரைக்குள் மருமகள் கொலைகாரி ஆகிவிட்டாள்.

ஆக்கியவர் மாமனார். வலது கை கட்டோடு தொங்க, இடது கையால் அவளைச் சுட்டிக் காட்டியபடி அவசரப் பிரிவு வாசலில் நின்றார். "இவதான் சார். ஊசியில மருந்தைக் கூட்டி ஏத்திட்டா."

அவர் போன் செய்து வரவழைத்த இன்ஸ்பெக்டர் மருமகளைப் பார்த்தார். அவள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். கணவன் வேலை விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறான். அவளுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

"ஸ்டேஷனுக்குக் கிளம்பும்மா."

"கொஞ்சம் பொறுங்க," என்றது ஒரு குரல்.

சர்க்கரை நோய்ப் பிரிவின் தலைமை நர்ஸ். முதுகுக்குப் பின்னால் ஆஸ்பத்திரியே அவரை சி.ஐ.டி. சிஸ்டர் என்று கூப்பிடும். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரப் பிடித்தும் இருந்தது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தும் நோயாளி இன்னும் கண் திறக்கவில்லை.

"ஊசிப் பேனா எங்கே?"

மாமனார் சட்டைப் பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்து நீட்டினார். "வருஷக்கணக்கா நான்தான் சிஸ்டர் போடுறேன். நேத்து வழுக்கி விழுந்து கை போச்சு. இன்னிக்கு ஒரு நாள்தான் இவ கையில குடுத்தேன்."

"இது எப்பப் பிரிச்சது?"

"இன்னிக்குக் காலையில. நான்தான் பக்கத்துல நின்னு பிரிக்கச் சொன்னேன்."

சிஸ்டர் பேனாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு வேளைக்கான மருந்துதான் குறைந்திருந்தது. சொட்டுக்கூட அதிகமில்லை.

"வேற பேனா இருந்திருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஃப்ரிட்ஜுல இருக்கறது எல்லாம் சீல் பிரிக்காம அப்படியே இருக்கு சார்," என்றாள் மருமகள். வீட்டுக்குப் போயிருந்த கான்ஸ்டபிளும் போனில் அதையே சொன்னார்.

"ஊசி போட்டப்புறம் சாப்பிட்டாங்களா?"

"எப்பவும் போல சாப்பிட்டாங்க," என்று மாமனாரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் விடுவதாக இல்லை. "நான் போட்டா அவ முகம்கூடச் சுளிக்க மாட்டா சிஸ்டர். இவ குத்தினதும் வீடே அதிர அலறினா. அது போகட்டும். மயங்கிக் கிடந்தவ வாயில சர்க்கரைத் தண்ணி ஊத்தப் போனேன். டம்ளரைப் பிடுங்கி வெச்சுட்டா. போன வாரம் தனிக்குடித்தனம் போகணும்னு சண்டை வேற. இதுக்கு மேல என்ன வேணும்?"

இன்ஸ்பெக்டருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. வீட்டுச் சண்டை, அலறல், பிடுங்கிய டம்ளர் எல்லாம் சேர்ந்து அவர் மனதில் வழக்கு கட்டி முடிந்திருந்தது.

"ஏம்மா பிடுங்கினே?" என்று கேட்டார் சிஸ்டர்.

"நினைவில்லாதவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாதுன்னு நீங்கதானே வகுப்புல சொன்னீங்க. மூச்சுக் குழாயில போயிடும்னு. அதான் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்."

அவள் ஊற்றவிட்டிருந்தால் மாமியார் இந்நேரம் பிணவறையில் இருந்திருப்பார். சிஸ்டர் மாமனார் பக்கம் திரும்பினார். "குடும்பத்தாருக்கு நடத்தற வகுப்புக்கு நீங்க வந்ததே இல்லையா?"

"அந்த நேரத்துல மருந்து வாங்க வரிசையில நிப்பேன். ஊசி குத்தத்தான் கத்துக்கிட்டேனே, அப்புறம் வகுப்பு எதுக்கு?"

சிஸ்டருக்குச் சுரீரென்றது. மருந்தின் அளவு சரி. சாப்பாடும் சரி. காலையில் மாறியது குத்திய கை மட்டும்தானா? திரைக்குள் போய் நோயாளியின் சேலையை இடுப்பில் லேசாக நகர்த்தினார். வயிற்றின் வலது பக்கம் புத்தம் புது ஊசிப் புள்ளி ஒன்று. இடது பக்கம் தடவினார். தோலுக்கடியில் பிசைந்து வைத்த மாவு மாதிரி ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது.

வெளியே வந்தவர் நேராக மாமனாரிடம் போனார்.

"தினமும் எங்கே குத்துவீங்க?"

"இடது பக்கம். அவளுக்கு ஊசின்னா உயிர் போயிடும் சிஸ்டர். ஆரம்பத்துல அழுவா. அப்புறம் ஒரு இடம் கண்டுபிடிச்சேன். அங்கே குத்தினா வலிக்கவே வலிக்காது. அதுலயே போட்டுட்டு வர்றேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. அதைப் பார்க்கச் சிஸ்டருக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஒரே இடத்துல குத்திக் குத்திச் சதை தடிச்சுப் போச்சு. மரத்துப் போனதாலதான் வலிக்கலை. மருந்தும் அங்கே சரியா ரத்தத்துல சேராது. சர்க்கரை குறையலைன்னு டாக்டர் அளவைக் கூட்டிக்கிட்டே போயிருக்கார்."

"ஆமா," என்றார் மாமனார். குரல் இறங்கியிருந்தது. "ஒவ்வொரு தடவையும் கூட்டினார்."

"கூட்டின அளவு இன்னிக்குத்தான் முழுசா ரத்தத்துக்குப் போயிருக்கு. ஏம்மா, நீ இடம் மாத்தினே இல்லே?"

"இடது பக்கம் வீங்கியிருந்துச்சு. அதுல குத்த மனசு வரலை. இடத்தை மாத்தி மாத்திப் போடணும்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு."

"நல்ல சதையில குத்தினதால அலறினாங்க. அளவைக் குறைக்காம இடத்தை மட்டும் மாத்தக் கூடாதுன்னு இவளுக்குத் தெரிய வழியில்லை." சிஸ்டர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "குற்றவாளி அந்த வலிக்காத இடம்தான் சார். அதைக் கண்டுபிடிச்சவர் இதோ நிக்கிறார். அவரைக் கைது பண்ண எந்தச் சட்டத்துலயும் வழியிருக்காது."

மாமனார் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "வலிக்கக் கூடாதுன்னுதானே பண்ணினேன்..."

உள்ளே முனகல் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். மாமியார் கண் திறந்து கணவரை, மருமகளை, பின்னால் நின்ற காக்கிச் சட்டையை மாறி மாறிப் பார்த்தார்.

"போலீஸ் எதுக்குங்க?"

மாமனார் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிடும் ஆள்தான் அவர். மருமகள் சட்டென்று முந்திக்கொண்டாள்.

"நமக்கு உதவிக்கு வந்தவர் அத்தை. வழி நெடுக வண்டிகளை ஒதுக்கிவிட்டு உங்களைச் சீக்கிரமா இங்கே கொண்டுவந்து சேர்த்தார். மாமாதான் கூப்பிட்டார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மாமியார் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நான்தான் பிழைச்சுட்டேனே, எதுக்கு அழறார்?" என்று மருமகளிடம் கேட்டார் மாமியார்.