கரண்ட் பெட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலி

சொக்கிக்குக் கனவு காண நேரம் காலமே கிடையாது. பல் தேய்க்கப் போனால் நுரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "பாலைப் பார்த்துக்கோ" என்றால், அது பொங்கி வழிவதை ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். எதைப் பார்த்தாலும் சொக்கிப்போவதால் வீட்டில் வைத்த பெயர் அது.

இன்று குளியலறையில் சுடுதண்ணீர் ஷவர் மாட்டுகிறார்கள். சொக்கியின் கண்ணுக்குள் காலையிலிருந்தே மழை.

"அக்கா, மழை இளஞ்சூடா வருமா?"

"வரும் வரும்," என்றார் வயரிங் வேலைக்கு வந்திருந்த கரண்ட் அக்கா. "இது நிறைய கரண்ட் குடிக்கும். அதான் இதுக்குன்னே தனி வயர் இழுக்கறேன். ஈரக் கைக்கும் கரண்டுக்கும் ஆகவே ஆகாது. அதனால ஸ்விட்ச் வெளியில."

அவர் கூடத்துக் கரண்ட் பெட்டியில் மெயின் ஸ்விட்சை அணைத்தார். 'வேலை நடக்கிறது. தொடாதீர்கள்' என்று ஒரு தாளைப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டுக் குளியலறைக்குள் போனார்.

மழை மூட்டத்தில் வீடு இருட்டாகி, அமைதியானது. வெளியே தூறல். அம்மா உள்ளறையில் தம்பியைத் தூங்கவைக்கப் போய்த் தானும் தூங்கிவிட்டார்.

பொத்! ஈரச் சுவரிலிருந்து தாள் விழுந்தது.

சொக்கி எடுத்து ஒட்டினாள். மறுபடி விழுந்தது. "அக்கா!" என்று கத்தினாள். பேட்டரி ட்ரில்லால் துளை போடும் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

இரவு வேலை முடிந்து அப்பா வரும் நேரம். வீடு இருட்டாக இருந்தால், பாதித் தூக்கத்திலேயே அவர் கை மெயின் ஸ்விட்சைத் தூக்கிவிடும். உள்ளே அக்காவின் கையில் வயர்! ஓடிப்போய்ச் சொல்லலாமென்றால், அதற்குள் அப்பா வந்துவிட்டால்?

நின்று காவல் காக்கலாம். ஆனால் தன்னைப் பற்றித் தனக்கே தெரியாதா? ஜன்னலில் ஒரு துளி வழிந்தால் போதும், ஆள் காலி.

'எப்படியும் கனவு காணப்போறேன். அதை இங்கேயே கண்டா என்ன?'

பெரிய நாற்காலியை இழுத்து வந்து, பெட்டியின் கதவை அடைத்தாற்போல் போட்டு, ஏறிச் சாய்ந்துகொண்டாள்.

தூறல் தாலாட்டியது. கூரையிலிருந்து வெதுவெதுப்பாக மழை பெய்தது. அதில் ஒரு திமிங்கிலம் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது. அது அவள் தோளைத் தட்டியது.

"நகரும்மா... மெயின் ஸ்விட்ச் விழுந்திருக்கு போல," என்றது, அப்பாவின் குரலில்.

சொக்கி கண் விழித்தாள். தலைக்கு மேல் நீண்ட கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"போடாதீங்கப்பா! கரண்ட் அக்கா உள்ள வயரைப் பிடிச்சிட்டிருக்காங்க!"

அப்பாவின் தூக்கம் பறந்தது. உள்ளேயிருந்து அக்கா ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானும் இங்கேயே இருக்கேன்," என்றார் மெதுவாக.

"தூங்கிடாதீங்க."

"யாரு யாருக்குச் சொல்றது பாரு!"

வேலை முடிந்ததும் அக்காவே வந்து ஸ்விட்சைப் போட்டார். "அணைச்சவங்கதான் போடணும்," என்றவர், விழுந்து கிடந்த தாளையும் நாற்காலியையும் பார்த்தார். எல்லாம் புரிந்தது. சொக்கியின் தலையில் கை வைத்தார்.

"யாரு முதல்ல குளிக்கப்போறீங்க?"

"அதிலென்ன சந்தேகம்?" என்று அப்பா அவளைக் காட்டினார்.

இளஞ்சூடாக மழை பெய்தது. கனவில் வந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு.

"சொக்கி, சோப்பு போட்டியா? சொக்கி!" என்று அப்பா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

திமிங்கிலத்துக்கு முதுகு தேய்ப்பதென்றால் சும்மாவா? அவள் காதில் எதுவும் விழவில்லை.